ஒரு வரிக்கு ஓர் ஆதாரம்

புலனாய்வுச் செய்தி ஒன்று அச்சுக்குப் போகும் முன் அதை மேசையில் போட்டுப் பிரிக்கும் வேலை ஒன்று உண்டு. முழுச் செய்தியையும் வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டு, ஓரத்தில் எழுத இடம் வைத்து, தாளில் அச்சிட்டு எடுக்க வேண்டும். ஒரு பக்கம் எழுதிய நிருபர். எதிரில், அந்தச் செய்தியில் இதுவரை கை வைக்காத வேறொரு ஆசிரியர். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே கேள்விதான்: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாவட்டத்தில் உள்ள 412 பாலங்களில் 37 பாலங்கள் ஐந்து ஆண்டுகளாகப் பராமரிப்பின்றிக் கிடக்கின்றன" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். படிக்கிறவருக்கு ஒரு வரி. எதிரில் இருப்பவருக்கு ஐந்து கேள்வி. 412 எந்தப் பட்டியலில் இருந்து வந்தது, அது எந்தத் தேதிப் பட்டியல், சிறு மதகுகளும் அதில் சேர்த்தியா? 37-ஐ யார் எண்ணியது, இரண்டாவது ஆள் எண்ணிப் பார்த்தாரா? ஐந்து ஆண்டு என்பது ஜனவரிக் கணக்கா, நிதியாண்டுக் கணக்கா? பராமரிப்பு நடக்கவே இல்லையா, நடந்ததற்குப் பதிவு இல்லையா? இந்த இரண்டும் வேறு வேறு. கடைசியாக, "கிடக்கின்றன" என்று நிகழ்காலத்தில் எழுதியிருக்கிறீர்கள். பட்டியல் போன மார்ச் மாதத்தது, அதற்குப் பிறகு யாராவது நேரில் போய்ப் பார்த்தீர்களா? ஒவ்வொன்றுக்கும் பதில் ஓரத்தில் ஏற வேண்டும்: எந்த ஆவணம், எத்தனையாவது பக்கம், யாரிடம் எந்தத் தேதியில் பேசியது. பதில் இல்லாத சொல் செய்தியிலிருந்து போய்விடும்.

இந்த வேலைக்கு அமெரிக்கச் செய்தி அறைகளில் புல்லட் ப்ரூஃபிங், அதாவது குண்டு துளைக்காதபடி ஆக்குவது, என்று பெயர். இதை ஒரு கைத்தொழில் மாதிரி தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்து வரும் அமைப்பு 'இன்வெஸ்டிகேட்டிவ் ரிப்போர்ட்டர்ஸ் அண்ட் எடிட்டர்ஸ்'. சுருக்கமாக ஐ.ஆர்.இ. லாப நோக்கமற்ற அமைப்பு. மிஸௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில், மிஸௌரி பல்கலைக்கழக இதழியல் பள்ளியோடு சேர்ந்து இயங்குகிறது. இதழியலில் பயிற்சி என்றால் என்ன என்று யார் கேட்டாலும் நான் முதலில் கைகாட்டுவது இவர்களைத்தான். கருவிகளைச் சொல்லிக்கொடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். தான் கண்டுபிடித்ததையே சந்தேகப்படும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு.

அமைப்பு தொடங்கியது 1975-இல். தனித்தனி ஊர்களில், தனித்தனிப் பத்திரிகைகளில் ஊழலைத் தோண்டிக்கொண்டிருந்த சில நிருபர்களும் ஆசிரியர்களும் வர்ஜீனியா மாநிலத்தின் ரெஸ்டன் நகரில் கூடி, ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மறு ஆண்டே அதற்குப் பெரிய சோதனை வந்தது. அரிசோனா ரிபப்ளிக் நாளிதழின் நிருபர் டான் போல்ஸ், தகவல் தருகிறேன் என்று ஒருவர் சொன்னதை நம்பி ஃபீனிக்ஸ் நகர ஹோட்டல் ஒன்றுக்குப் போனார். 1976 ஜூன் 2. காருக்கு அடியில் வைத்திருந்த குண்டு வெடித்தது. 11 நாள் போராடி இறந்துபோனார்.

ஐ.ஆர்.இ. செய்தது இதுதான்: நியூஸ்டே இதழின் ராபர்ட் கிரீன் தலைமையில், 28 பத்திரிகை, தொலைக்காட்சி நிறுவனங்களிலிருந்து 38 செய்தியாளர்கள் அரிசோனாவில் போய் இறங்கினார்கள். கொலையாளியைப் பிடிப்பது போலீஸ் வேலை. போல்ஸ் விட்டுப்போன வேலையை, அதாவது அந்த மாநிலத்தின் நில மோசடி, அரசியல் ஊழல், குற்றக் கும்பல் தொடர்புகளை எழுதி முடிப்பதே இவர்கள் வேலை என்று வகுத்துக்கொண்டார்கள். 1977-இல் 23 பகுதிகளாகத் தொடர் வெளிவந்தது. ஒரு நிருபரைக் கொன்றால் அவர் எழுத இருந்த செய்தியும் செத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு அது பதில். போட்டிப் பத்திரிகைக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவர் குறிப்பை ஒருவர் படித்தார்கள் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். பிறகு வந்த ஆண்டுகளில் அமைப்பு தன் பலத்தையெல்லாம் பயிற்சியில் போட்டது. ஆனால் 'தொழில் ரகசியம்' என்று எதையும் பூட்டி வைக்கக் கூடாது என்ற அந்த முதல் குணம் மாறவில்லை.

அந்தக் குணம் எங்கே தெரியும் என்றால், அவர்களுடைய ஆவணக் களஞ்சியத்தில். ஐ.ஆர்.இ. ஆண்டுதோறும் விருது கொடுக்கிறது. விருதுக்கு அனுப்புகிறவர்கள் செய்தியோடு ஒரு வினாப்படிவத்தையும் நிரப்ப வேண்டும். செய்தி எப்படித் தொடங்கியது, எந்தெந்த ஆவணங்கள் பயன்பட்டன, எதற்காகத் தகவல் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தீர்கள், எங்கே மறுத்தார்கள், யாரிடம் பேசினீர்கள், வெளியான பிறகு என்ன நடந்தது, திருத்தம் ஏதும் போட நேர்ந்ததா? பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் படிவங்கள் செய்திகளோடு சேர்ந்து சேமிப்பில் இருக்கும். நீங்கள் முதியோர் இல்லங்களைப் பற்றி எழுதத் தொடங்குகிறீர்கள் என்றால், உங்களுக்கு முன் அதை எழுதிய பல பேர் எந்தக் கதவைத் தட்டினார்கள், எது திறந்தது, எது திறக்கவில்லை என்று படித்துவிட்டுக் கிளம்பலாம். பரிசுப் போட்டியைப் பாடசாலையாக மாற்றிய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. மாநாடுகளில் பேசுகிறவர்களும் அப்படித்தான். வேலையில் இருக்கும் நிருபர்களே பேசுவார்கள். பேசுவதோடு, செய்முறையைக் குறிப்புத் தாளாக எழுதியும் கொடுப்பார்கள். அதுவும் சேமிப்புக்குப் போகும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நியாயம். உறுப்பினர் சந்தா, மாநாட்டுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், அறக்கட்டளைகளும் ஊடக நிறுவனங்களும் தரும் நிதி. உறுப்பினராக இதழியலில் இருக்க வேண்டும். மக்கள் தொடர்பு வேலை செய்பவருக்கு இடமில்லை. சொந்தச் செலவில் வர முடியாதவர்களுக்கும் சிறு ஊர்ப் பத்திரிகைக்காரர்களுக்கும் மாணவர்களுக்கும் உதவித்தொகை உண்டு. எந்த நிறுவனத்திலும் சேராமல் தனியாக எழுதும் ஃப்ரீலான்ஸ் நிருபர்களுக்கென்று தனி நிதி வைத்திருக்கிறார்கள். தனியாள் நிருபருக்கு ஆவண நகல் கட்டணமும் பயணச் செலவுமே செய்தியைப் பாதியில் நிறுத்திவிடும். பெரிய தொகை தேவையில்லை, அந்த இடத்தில் கை கொடுத்தால் போதும்.

இனி பயிற்சிக்கு வருவோம்.

எலியட் ஜாஸ்பின் என்ற நிருபர் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ப்ராவிடன்ஸ் ஜர்னலில் வேலை பார்த்தபோது, பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களின் பட்டியலையும், போக்குவரத்து விதிமீறல், குற்றத் தீர்ப்புகளின் பட்டியலையும் கணினியில் போட்டு ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். குழந்தைகளை ஏற்றிச் செல்பவர்களில் சிலர் மோசமான ஓட்டுநர் பதிவு உள்ளவர்கள், போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றவர்கள் என்று தெரியவந்தது. 1980-களில் இது புதுசு. அரசு அலுவலகங்களின் பெரிய காந்த நாடாக்களைச் சாதாரண மேசைக் கணினியில் படிக்க மென்பொருளும் உருவாக்கினார். 1989-இல் மிஸௌரியில் அவர் தொடங்கிய பயிற்சி நிலையம்தான் பின்னால் நைகார் என்ற பெயரில் ஐ.ஆர்.இ.-யின் தரவுப் பிரிவாக ஆனது. பூட் கேம்ப் என்று அது நடத்தும் தீவிரப் பயிற்சி முகாம் இன்றைக்கும் ஏறக்குறைய ஒரு வாரம். காலையிலிருந்து மாலை வரை கணினி முன்தான். முதல் பாதி எக்செல் போன்ற ஸ்ப்ரெட்ஷீட், மறு பாதி பெரிய தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்க உதவும் கணினி மொழியான எஸ்.க்யூ.எல்.

தரவு வருவதற்கு முன்னாலேயே பாடம் தொடங்கிவிடும். ஓர் அலுவலகத்தில் என்ன தரவு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த அலுவலகம் மக்களிடம் நிரப்பச் சொல்லும் காலிப் படிவத்தை வாங்குங்கள். படிவத்தில் உள்ள ஒவ்வொரு காலிக் கட்டமும் அநேகமாக ஏதோ ஒரு கணினி அட்டவணையில் ஒரு பத்தியாக, அதாவது மேலிருந்து கீழே ஓடும் நிரலாக, உட்கார்ந்திருக்கும். அடுத்து, தரவைக் கேட்கும் முன் அதன் அமைப்புக் குறிப்பைக் கேளுங்கள்: என்னென்ன பத்திகள், ஒவ்வொரு குறியீட்டுக்கும் என்ன பொருள். இது கையில் இல்லாமல் தரவை வாங்கினால் நடப்பது என்ன? வயதுப் பத்தியில் 99 என்று இருக்கும். தெரியாது என்பதற்கு அந்த அலுவலகம் வைத்த குறி அது. அதையும் வயதாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் ஊரே கிழடாகிவிடும்.

நம் ஊரிலும் இது நேராகப் பொருந்தும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி கணினியில் இருக்கும் தகவலை மின்வடிவிலேயே பெற உரிமை உண்டு. கேட்ட வடிவிலேயே சாதாரணமாகத் தர வேண்டும் என்று பிரிவு 7(9) சொல்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. ஆனால் "அனைத்து விவரங்களையும் தரவும்" என்று எழுதினால் சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பலன் இல்லை. அலுவலகத்தின் வளங்களை அளவுக்கு மீறி இழுக்கிறது என்று அதே பிரிவைக் காட்டிக் கேட்ட வடிவில் தர மறுக்கலாம். பதிவேட்டின் பெயர், பத்திகளின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எக்செல் கோப்பாக வேண்டும் என்பது வரை குறித்துக் கேட்டால் மறுப்பது கடினம். காலிப் படிவத்தை முதலில் வாங்கியவரால்தான் இப்படிக் குறித்துக் கேட்க முடியும்.

கோப்பு கைக்கு வந்ததும் முதல் வேலை, மூலத்தைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து நகலில் வேலை செய்வது. இரண்டாவது, ஒரு டைரி. என்ன வடிகட்டினோம், எந்த வரிகளை நீக்கினோம், ஏன் நீக்கினோம் என்று தேதி போட்டு எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்து "37 எப்படி வந்தது?" என்ற கேள்வி வரும்போது ஞாபகம் கைகொடுக்காது, டைரிதான் கைகொடுக்கும்.

பிறகு வரிகளை எண்ண வேண்டும். அலுவலகம் சொன்ன எண்ணிக்கையும் கோப்பில் உள்ளதும் ஒன்றா? பழைய எக்செல் வடிவம் 65,536 வரிக்கு மேல் தாங்காது. புதியது 10,48,576 வரி. உங்கள் கோப்பு சரியாக இந்த எண்ணில் முடிந்தால், மீதி எங்கோ அறுந்து விழுந்திருக்கிறது. 2020-இல் இங்கிலாந்தில் பழைய எக்செல் வடிவத்தின் இந்த எல்லையால் ஏறக்குறைய 16,000 கோவிட் தொற்றுகள் தினக் கணக்கில் ஏறாமல் போயின. அரசாங்கத்துக்கே நடக்கிறது என்றால் ஒரு நிருபரின் மடிக்கணினியில் நடக்காதா?

எக்செல் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு செய்யும் கெடுதல்கள் தனி. பாஸ்டன் நகரின் அஞ்சல் குறியீடு 02108. சும்மா திறந்தால் முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிட்டு 2108 என்று காட்டும். பிறகு வேறு பட்டியலோடு பொருத்தினால் பாஸ்டன் முழுவதும் காணாமல் போகும். அந்தப் பத்தியை எழுத்து வடிவம் என்று முதலிலேயே சொல்லி இறக்க வேண்டும். 03/04 அமெரிக்காவில் மார்ச் 4, இங்கே ஏப்ரல் 3. ஒரே கோப்பில் இரண்டு வழக்கமும் கலந்திருந்தால் நாள் எண் 12-க்கு மேற்பட்ட சில தேதிகள் மட்டும் தேதியாக மாறாமல் எழுத்தாக நின்றுவிடும். அதை வைத்தே பிடித்துவிடலாம். ஊர்ப் பெயர் இன்னொரு தொல்லை. செயின்ட் லூயிஸ் என்ற ஒரே ஊரை நான்கு எழுத்தர்கள் நான்கு விதமாகத் தட்டியிருந்தால் கணினிக்கு அது நான்கு ஊர். ஓபன் ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் ஒத்த எழுத்துகளைக் கூட்டமாகச் சேர்த்துக் காட்டும். ஆனால் சேர்க்கச் சொல்லும் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தக் கூடாது. எழுத்து ஒத்திருந்தும் நிஜமாகவே வேறு வேறு ஊர்களாக இருப்பவை உண்டு.

கணக்கு அதிகம் வேண்டாம், ஆனால் வேண்டியது நிச்சயமாக வேண்டும். 40-இலிருந்து 50-க்குப் போனால் 25 சதவீதம் உயர்வு. 50-இலிருந்து 40-க்கு இறங்கினால் 20 சதவீதம்தான். 4 சதவீதம் 6 சதவீதமானால் இரண்டு சதவீதப் புள்ளி உயர்ந்தது, ஆனால் 50 சதவீதம் வளர்ந்தது. இரண்டில் எதை எழுதினாலும் எது என்று சொல்லிவிட்டு எழுத வேண்டும். ஒன்பது பேர் 20,000 வாங்கும் இடத்தில் ஒருவர் 5,00,000 வாங்கினால் சராசரிச் சம்பளம் 68,000. அங்கே அப்படி வாங்குகிறவர் ஒருவருமில்லை. சம்பளங்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் நடு எண் 20,000 என்பதுதான் உண்மை நிலை. 500 பேர் உள்ள கிராமத்தில் ஒரு கொலை நடந்தால் லட்சத்துக்கு 200 என்று கணக்கு வரும். நாட்டிலேயே ஆபத்தான ஊர் என்று தலைப்புப் போட்டால் அது அநியாயம்.

பூட் கேம்பில் எல்லோரும் தடுக்கி விழும் இடம், இரண்டு பட்டியல்களைப் பொருத்தும் ஜாயின். ஜாஸ்பினின் பேருந்து வேலையைப் போன்ற ஒன்றையே எடுத்துக்கொள்வோம், எண்கள் விளக்கத்துக்காக. ஓட்டுநர்கள் 1,500 பேர். விதிமீறல்கள் 90,000. பெயரை மட்டும் வைத்துப் பொருத்தினால் 640 வரி விழுகிறது. மனம் துள்ளும். அங்கேதான் நிறுத்த வேண்டும். ஒரே பெயரில் எத்தனை ஜான் ஸ்மித்! பிறந்த தேதியையும் சேர்த்துப் பொருத்தினால் 110 வரி. அடுத்து, இது 110 வரிதான், 110 பேர் அல்ல. ஒருவர் மூன்று முறை மாட்டியிருந்தால் மூன்று வரியாக நிற்பார். தனித்தனி ஆட்களாக எண்ணினால் 60 பேர் என்று வரலாம். இந்தப் பொருத்திய பட்டியலில் சம்பளப் பத்தியைக் கூட்டினால் அவருக்கு மூன்று சம்பளம் கணக்காகும். மிஞ்சிய 60 பேரையும் ஒவ்வொருவராக நீதிமன்றக் கோப்பு, முகவரி, உரிம எண் என்று மூன்றாவது அடையாளம் ஒன்றை வைத்துச் சரிபார்க்க வேண்டும். மாதிரிக்குச் சிலரைப் பார்த்தால் போதாது. ஏனென்றால் பெயர் போடப்போவது ஒவ்வொருவரையும்தான். தவறான ஒருவர் மாட்டினால், செய்யாத குற்றத்துக்கு ஊர் முன்னால் தண்டிக்கப்படுபவர் அவர்.

தமிழ்நாட்டில் இதைச் செய்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். கே. செல்வி ஒரு பட்டியலில் செல்வி கே. ஆவார், மூன்றாவதில் தந்தை பெயரோடு நிற்பார், கல்யாணத்துக்குப் பிறகு முன்னெழுத்தே மாறும். ஆங்கில எழுத்தில் செந்தில் என்பதற்குள் ஹெச் வருமா வராதா என்பது எழுத்தர் கையில் இருக்கிறது. பிறந்த தேதியைத் துணைக்கு அழைக்கலாம் என்றால், மூத்த தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதியே பலருக்கும் பிறந்த தேதி. மே, ஜூன் மாதங்களில் அப்படிப் பிறந்தவர்கள் ஏராளம். அமெரிக்காவில் பெயரும் பிறந்த தேதியும் ஒத்தால் ஓரளவு நம்பலாம் என்பது இங்கே அப்படியே செல்லாது.

பொருத்துவதால் கிடைக்கும் பலனுக்கு நல்ல உதாரணம் மயாமி ஹெரால்ட். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃப்ளோரிடாவைச் சிதைத்தது. அந்தப் பத்திரிகையின் ஸ்டீபன் டாய்க் சேத ஆய்வுப் பட்டியலைச் சொத்து வரிப் பட்டியலோடு பொருத்தினார். வரிப் பட்டியலில் வீடு கட்டிய ஆண்டு இருந்தது. காற்று வேகம் குறைவாக இருந்த பகுதிகளிலும் புதிய வீடுகள் பழையவற்றைவிட மோசமாக நொறுங்கியிருந்தன. புயலின் மீது மட்டும் பழி போட முடியாது, கட்டிய விதமும் தளர்ந்துபோன கட்டட விதிகளும் மேற்பார்வையும் காரணம் என்று அது காட்டியது. 1993-இல் அமெரிக்க இதழியலின் உயரிய விருதான புலிட்சர் பரிசு, பொதுச் சேவைப் பிரிவில், அந்தப் பத்திரிகைக்குக் கிடைத்தது. அந்த வேலையின் உயிர் காற்று வேகத்தைக் கணக்கில் எடுத்ததில் இருக்கிறது. அதைச் செய்யாமல் புது வீடு, பழைய வீடு என்று மட்டும் ஒப்பிட்டிருந்தால், "புது வீடுகள் புயல் வந்த பாதையில் இருந்தன, அவ்வளவுதான்" என்று கட்டுமானக்காரர்கள் ஒரே வாக்கியத்தில் தட்டிவிட்டிருப்பார்கள். தன் முடிவுக்கு எதிராளி என்ன விளக்கம் சொல்வார் என்று முதலில் தானே யோசித்து, அதைத் தரவிலேயே சோதிப்பது. இதைத்தான் ஒரு வாரப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார்கள்.

எதிர்த்திசையில் எச்சரிக்கை தரும் உதாரணமும் உண்டு. 2007 ஆகஸ்ட் 1 மாலை மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த ஐ-35டபிள்யூ பாலம் இடிந்து விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் பாலங்கள் அனைத்துக்கும் மத்திய அரசிடம் ஒரு தேசியப் பட்டியல் உண்டு. நைகார் அந்தத் தரவைச் சுத்தம் செய்து விளக்கக் குறிப்போடு பத்திரிகைகளுக்கு வழங்கி வந்தது. அதில் வண்டிகள் ஓடும் மேல்தளம், அதைத் தாங்கும் மேற்கட்டுமானம், தூண்கள் போன்ற அடிக்கட்டுமானம் மூன்றுக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண். ஏதாவது ஒன்று 4 அல்லது அதற்குக் கீழே என்றால் 'கட்டமைப்புக் குறையுள்ளது' என்ற வகையில் விழும். இடிந்த பாலத்தின் மேற்கட்டுமானத்துக்கு 4. உங்கள் ஊரில் இப்படி எத்தனை பாலங்கள் என்று எழுதுவது எளிது, அவசியமும்கூட.

ஆனால் அப்போது நாடு முழுவதும் 70,000-க்கும் அதிகமான பாலங்கள் அந்த வகையில் இருந்தன. அவை எல்லாம் விழப்போகிறவை என்பது அந்தச் சொல்லின் பொருளல்ல. பிறகு விசாரணை கண்டுபிடித்தது வேறு: சட்டகத்தின் கம்பிகள் கூடும் மூட்டுகளை இணைக்கும் எஃகுத் தகடுகள் வடிவமைப்புப் பிழையால் தேவையானதைவிட மெல்லியவையாக இருந்தன. முக்கியமான இடத்தில் அரை அங்குலம்தான். காலப்போக்கில் ஏறிய கூடுதல் எடை, அன்றைக்குப் பாலத்தின் மேல் குவித்திருந்த கட்டுமானப் பொருள்கள், எல்லாம் சேர்ந்து அந்தத் தகடுகள் தாங்கவில்லை. அந்தத் தகட்டின் தடிமன் போதுமா என்ற கேள்விக்கு மதிப்பெண் பட்டியலில் இடமே இல்லை. பட்டியல் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது. துறைப் பொறியாளர் ஒருவரோடு உட்கார்ந்து பத்திக்குப் பத்தி "இது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை" என்று கேட்டு எழுதிக்கொள்ள அரை நாள் போதும்.

ஆட்களிடம் பேசுவதிலும் ஒரு வரிசை உண்டு. வெளி வட்டத்திலிருந்து உள் வட்டத்துக்கு. முதலில் பொது ஆவணங்கள், துறை வல்லுநர்கள். அடுத்து அந்த அலுவலகத்தில் வேலை செய்து விலகியவர்கள், ஓய்வு பெற்றவர்கள். பிறகு இப்போது உள்ளே இருப்பவர்கள். கடைசியில்தான் செய்தியின் நடுவில் இருப்பவர். நடுவில் இருப்பவரை முதலில் பார்த்தால் என்ன கேட்பது என்றே தெரியாமல் போய் நிற்போம். அவரோ ஆவணங்களைத் திருத்தவும் ஆட்களை அடக்கவும் நேரம் பெறுவார். அவரைப் பார்க்கும் நாளில் நம் கையில் ஆவணம் இருக்க வேண்டும். வெளியிடுவதற்குப் போதிய நாள் முன்பே, அவரைப் பற்றி நாம் சொல்லப்போகும் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் எழுத்தில் அனுப்பிப் பதில் கேட்க வேண்டும். "ஊழல் பற்றி உங்கள் கருத்து" என்று மொட்டையாக ஒரு கேள்வி அனுப்புவது இதில் சேராது. எந்த ஒப்பந்தம், எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று இருக்க வேண்டும். அச்சில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அவர் சொல்ல இடம் வைக்கக் கூடாது. அந்தக் கடிதத்துக்கு வரும் பதிலில் நம் தவறு ஒன்று வெளிப்பட்டால் அதைவிட நல்ல நாள் இல்லை; திருத்தம் நாளிதழில் வருவதற்குப் பதில் நம் மேசையிலேயே முடிந்துவிடும்.

பயிற்சி எங்கே வீணாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் எஸ்.க்யூ.எல். கற்றுக்கொண்டு ஊர் திரும்பும் நிருபர் மறுநாளே கவுன்சில் கூட்டத்துக்கும் விபத்துச் செய்திக்கும் ஓடுவார். ஒரு மாதம் தொடாமல் விட்டால் விரல் மறந்துவிடும். பிழை நிருபரிடம் இல்லை. அவருடைய செய்தி ஆசிரியருக்கு இந்த வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது; "தரவு வந்துவிட்டதே, நாளைக்குப் போடலாமா?" என்று கேட்பார். சுத்தம் செய்வதற்கே வேலையில் பெரும்பகுதி போகும் என்பது செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். எனவே பயிற்சிக்கு ஆள் அனுப்பும் செய்தி அறைக்கு நான் சொல்வது: ஒரே அறையிலிருந்து இரண்டு பேரை அனுப்புங்கள், திரும்பி வந்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள ஆள் இருக்கும். முடிந்தால் அதில் ஒருவர் செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் இருப்பவராக இருக்கட்டும். போகும்போது சொந்த ஊர்த் தரவு ஒன்றைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். மாதிரித் தரவில் கற்றது மறக்கும், தன் ஊர்த் தரவில் கண்ட பிழை மறக்காது. வாரத்தில் அரை நாள், வேறு எந்த வேலையும் கொடுக்காமல் விடுங்கள். இதையெல்லாம் செய்யாமல் சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டிவைத்த அறைகளில் எதுவும் மாறுவதில்லை.

திரும்பி வந்த முதல் திங்கட்கிழமைக்கு ஒரே ஒரு வேலை போதும். உங்கள் பீட்டில், அதாவது நீங்கள் செய்தி சேகரிக்கும் துறையில், இருக்கும் ஓர் அலுவலகத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். நேரில் போய் அவர்கள் மக்களிடம் நிரப்பி வாங்கும் காலிப் படிவம் ஒன்றை வாங்கி வாருங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் போடுங்கள். இந்த விவரங்கள் எந்தப் பதிவேட்டில், எந்த மென்பொருளில் ஏறுகின்றன, அதன் பத்திகள் என்னென்ன, குறியீடுகளுக்கு என்ன பொருள் என்று கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதி அன்றைக்கே தபாலில் சேருங்கள். தரவை இப்போது கேட்க வேண்டாம். தபால் ரசீதை டைரியின் முதல் பக்கத்தில் ஒட்டி, தேதி எழுதுங்கள்.